பதினைந்து பத்து

ஒரு அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்து பத்து.

உங்களில் யாராவது 15.10 என்று எழுதியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். நானும் அப்படித்தான் எழுதினேன். அதுவும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அல்ல, இந்தப் பிரிவில் பத்தொன்பது வருடம் ஓட்டிய பிறகு.

நான் இருந்த மேசைக்கு நீங்கள் மூன்று பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் நம் அலுவலகத்துக்கு வேலை ஒன்றுதான். சாதாரண லாரியில் ஏறாத கொதிகலன், தொட்டி, இயந்திரம் எல்லாவற்றையும் நீள டிரெய்லரில் ஏற்றி, வழியில் எதிலும் இடிக்காமல் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஏற்றுபவர்கள் முற்றத்தில் இருக்கிறார்கள், ஓட்டுபவர்கள் ரோட்டில் இருக்கிறார்கள். நம் மேசையில் இருப்பவர்கள் ஒரு தாளில் ஏற்றிய பாரத்தின் உயரத்தையும், வழியில் இருக்கும் பாலம், கம்பி, வளைவு எல்லாவற்றின் உயரத்தையும் எழுதி, கீழே ‘செல்லலாம்’ என்று கையெழுத்துப் போடுகிறோம். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் வண்டி நகர்கிறது.

இப்போது உங்களிடம் ஒளியால் அளக்கும் கருவி இருக்கிறது. அளவு தானாகவே மீட்டரில் வந்து விழுகிறது. நல்லதுதான். ஆனால் முற்றத்தில் இருக்கும் ஒருவர் கையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு போனில் ஒரு எண்ணைக் கத்தும் நாள் உங்களுக்கும் வரும். அந்த நாளுக்காக இதை எழுதுகிறேன்.

அது ஒரு பால் பண்ணைக்கான எவர்சில்வர் தொட்டி. ஆவடிக்கு வெளியே ஒரு பட்டறையில் செய்து முடித்திருந்தார்கள். பூந்தமல்லி வந்து பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து, அதற்கப்பால் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை ஆவடி பூந்தமல்லி சாலையில் போக அனுமதி வாங்கியிருந்தோம். இறக்க வேண்டிய இடத்தில் கிரேன் காத்திருக்கும்.

ஓட்டுநர் ஏகாம்பரம். முத்தாபுதுப்பேட்டைக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். டிரெய்லரைப் பின்னால் எடுப்பதில் அவருக்கு ஈடாக நான் இன்னொருவரைப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை மாலை தொட்டியை ஏற்றிக் கட்டி முடித்ததும், மேலே ஏறி மூடியின் உச்சியிலிருந்து தரை வரை டேப்பை விட்டு அளந்து எனக்குப் போன் செய்தார். பின்னால் பட்டறைச் சத்தம்.

“ஏம்மா பிலோமினா, எழுதிக்கோ. பதினஞ்சு பத்து.”

“பதினஞ்சு பத்தா அண்ணே?”

“ஆமாம்மா. ரெண்டு தபா அளந்துட்டேன்.”

நான் 15.10 என்று குறித்தேன். அரை மணி கழித்து அதைக் கணினியில் அடித்தேன். கணினி கடைசிப் பூஜ்யத்தைத் தின்றுவிட்டு 15.1 அடி என்று எடுத்துக்கொண்டது. பக்கத்துக் கட்டத்தில் 4.60 மீட்டர் என்று காட்டியது. வழியில் இருந்ததிலேயே மிகத் தாழ்வான தடை ஒரு பழைய இரும்பு நடைபாலம். ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு அதன் கீழ் இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அதை நானே முந்தின வாரம் போய் அளந்திருந்தேன். 4.75 மீட்டர். பதினைந்து சென்டிமீட்டர் மிச்சம். தாராளம். கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றைக் கவனியுங்கள். ஏகாம்பரத்துக்குத் தன் பாரத்தின் உயரம் தெரியும். ஆனால் அவருக்கு அது அடியில் தெரியும், என் தாளில் எல்லாம் மீட்டரில் இருந்தது. அவருக்குத் தெரிந்த அளவு என் தாளில் இல்லை. என் தாளில் இருந்த அளவு அவருக்குத் தெரியாது. ‘செல்லலாம்’ என்ற ஒரு சொல் மட்டும்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கொரட்டூரில் எங்கள் வீட்டுக்குப் புது பீரோ வரவிருந்தது. எட்டு மணிப் பூசைக்குக் கிளம்புவதற்குள் வாசற்கதவை அளந்துவிடலாம் என்று என் கணவர் ஆரோக்கியம் ஸ்டூல் மேல் ஏறியிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன்.

“ஆறு பத்து” என்றார்.

“பீரோ ஆறரை அடி. போதுமா?”

“ஏழு அடிக்கு ரெண்டு இஞ்ச்தான் கம்மி. தாராளமா போகும்.”

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தது ஞாபகம் இருக்கிறது. ஆறு பத்து என்றால் ஏழடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. அப்படியானால் பதினைந்து பத்து என்றால் பதினாறு அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. பதினைந்தடியைக் கொஞ்சம் தாண்டியது அல்ல.

காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 4.82. இன்னொரு முறை போட்டேன். 4.82. பாலம் 4.75. ஏழு சென்டிமீட்டருக்கு மேல் இடிக்கும். மணி ஆறு ஐம்பது. வண்டி கிளம்பி ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது.

பயத்தில் முதலில் வந்த எண்ணம் எது என்று உங்களிடம் மறைக்க மாட்டேன். ‘ஏகாம்பரம் அண்ணன் ஒருவேளை புள்ளி வைத்துத்தான் சொல்லியிருப்பாரோ?’ என்று தோன்றியது. தப்பு செய்தவருக்கு மனம் முதலில் தேடிக் கொடுப்பது ஒரு தப்பும் வழிதான். டேப்பில் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம்தான் இருக்கிறது, புள்ளி கிடையாது. அந்த எண்ணத்தைத் தூக்கிப் போட எனக்கு ஒரு அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடத்துக்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார். வண்டி நகரும்போது ஓட்டுநர் போனைத் தொடக் கூடாது என்று விதி இருக்கிறது, அதை எழுதியவளே நான்தான். டிரெய்லருக்கு வழிகாட்டி முன்னால் போகும் ஜீப்காரருக்கும் லைன் கிடைக்கவில்லை. மேலாளரைக் கூப்பிட்டேன். எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் அவர்.

“சார், வண்டியை நிறுத்தணும். உயரத்தைத் தப்பா மாத்திட்டேன். பாலத்துல இடிக்கும்.”



“வெள்ளிக்கிழமை சரின்னு கையெழுத்துப் போட்டதும் நீதான். இப்ப தப்புன்னு சொல்றதும் நீதான். இது மட்டும் எப்படிச் சரின்னு நம்பறது?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. நிறுத்தினால் அனுமதி நேரம் போய்விடும், கிரேன் திரும்பிவிடும், வாடிக்கையாளர் கத்துவார். அதை அவர்தான் சுமக்க வேண்டும்.

“இப்ப சொல்றது தப்பா இருந்தா நமக்கு ஒரு நாள் போகும் சார். அப்ப எழுதினது தப்பா இருந்தா பாலம் போகும். ஞாயித்துக்கிழமை. அது மேல ஜனங்க கோயிலுக்குப் போய்க்கிட்டு இருப்பாங்க.”

“நிறுத்து” என்றார். “நான் வரேன்.”

நிறுத்து என்று சொல்லிவிட்டார். எப்படி நிறுத்துவது? கொரட்டூரிலிருந்து அந்த இடத்துக்கு ஸ்கூட்டரில் பறந்தாலும் அரை மணி நேரம் ஆகும். வண்டி ஏழே காலுக்குப் பாலத்தை எட்டிவிடும்.

ஒவ்வொரு தடையையும் அளக்கப் போகும்போது, பக்கத்தில் இருக்கும் கடைக்காரர் ஒருவரின் எண்ணை வாங்கி வைப்பது என் வழக்கம். ரோடு தோண்டினால், மழைத் தண்ணீர் நின்றால் சொல்வார்கள். அந்தப் பாலத்தடியில் வசந்தா என்ற அம்மா தள்ளுவண்டியில் இட்லி விற்றுக்கொண்டிருந்தார். நான் அளக்கப் போன அன்று டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான். அவரைக் கூப்பிட்டேன்.

“யக்கா, நான் பாலத்தை அளக்க வந்தேனே, அந்த பிலோமினா. ஆவடி பக்கத்துலேர்ந்து ஒரு பெரிய டிரெய்லர் வருது. மேல எவர்சில்வர் தொட்டி. அது பாலத்துல இடிக்கும். அதை நிறுத்தணும்.”

“இன்னாமா சொல்ற? நா இன்னா போலீஸா?”

“இல்லக்கா. ஆனா அங்க எனக்குத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான்.”

“வண்டி எம்மாந்தூரத்துல கீது?”

“பத்து, இருபது நிமிஷத்துல வந்துடும். பாலத்து மேல யாரையும் ஏற விடாதீங்க.”

“சரி, போனை வையி” என்றார்.

ஆரோக்கியம் ஒரு கேள்வியும் கேட்காமல் ஸ்கூட்டரை வெளியே எடுத்துவிட்டார். அயப்பாக்கம் வழியாகப் போனோம். வழி நெடுக அவர் தோளைப் பிடித்தபடி மனத்துக்குள் மறுபடி மறுபடி பெருக்கிக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் 4.82 தான் வந்தது. ஒரு தடவையாவது குறைந்து வராதா என்று ஏங்கினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பார்த்த காட்சியைச் சொல்கிறேன். ரோட்டின் குறுக்கே தள்ளுவண்டி. அதன் இரண்டு பக்கமும் பெஞ்சு, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் டிரம். சாப்பிட வந்த ஏழெட்டுப் பேர் கையில் தட்டோடு நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். பாலத்தின் படிக்கட்டில் ஒருவர் துண்டைக் குறுக்கே கட்டி, ஏற வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். டிரெய்லர் பாலத்துக்கு முப்பது அடி முன்னால் நின்றது. அதற்குப் பின்னால் பஸ், வேன், கார் என்று பார்வைக்கு எட்டிய வரை வரிசை. எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வசந்தா அம்மா கையில் கரண்டியோடு போக்குவரத்துக் காவலரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் நகர மாட்டேன் சார். நீ இன்னா பண்ணிக்கிறியோ பண்ணிக்கோ.”

ஜீப்காரர் என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார்.

“மேடம், என் வண்டியில உயரக் கழி கட்டியிருக்கேன். பாலத்துக்கு அடியில போயிட்டு வந்தேன். தட்டவே இல்ல. அப்புறம் எப்படித் தொட்டி தட்டும்?”

கழி தட்டவில்லைதான். என் தாளில் இருந்த உயரத்தை வைத்துக் கட்டிய கழி அது. தாளே தப்பென்றால் கழி மட்டும் எப்படி உண்மை சொல்லும்? ஆனால் சுற்றி நின்றவர்கள் கண்ணுக்குக் கழிதான் சாட்சி. நான் காலண்டர் தாளோடு ஓடி வந்த ஒரு பொம்பளை.

“ஏகாம்பரம் அண்ணே, டேப் எடுங்க” என்றேன்.

அவர் இறங்கி வந்தார். முகத்தில் குழப்பம். “பதினஞ்சு பத்துன்னு சொன்னேனேம்மா. சரியாத்தானே சொன்னேன்?”

“நீங்க சரியாத்தான் சொன்னீங்க. இப்ப பாலத்தை அடியில அளங்க.”

பாலத்தின் மேலிருந்து ஒருவர் குனிந்து, அதன் கீழ் விளிம்பில் நுனியை வைத்து டேப்பைக் கீழே விட்டார். ஏகாம்பரம் தரையில் குத்தவைத்துப் பிடித்தார். உட்கார்ந்தபடியே சொன்னார்.

“பதினஞ்சு ஏழு.”

அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் புரிந்தது. பதினைந்து பத்து உயரம் உள்ளது பதினைந்து ஏழுக்குள் நுழையாது. அதற்கு மீட்டரும் வேண்டாம், கணினியும் வேண்டாம். வெள்ளிக்கிழமை நான் அவருடைய அளவையும் பாலத்தின் அளவையும் அவர் வாயாலேயே அடியில் சொல்ல வைத்திருந்தால் ஐந்து வினாடியில் முடிந்திருக்கும்.

இதோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். தப்பைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான நெருக்கடி ஆரம்பிக்கும். ஏனென்றால் அப்போது எல்லாரும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள்.

ஜீப்காரர் சொன்னார்: “மூணு இஞ்ச்தானே மேடம். டயர்ல காத்தை எறக்கினா வண்டி தாழும். மெதுவா ஊர்ந்து போயிடலாம்.”

காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். “அரை மணி நேரத்துல ரோடு காலியாகணும். எப்படிப் பண்ணுவீங்களோ தெரியாது.”

எனக்கும் ஆசை வந்தது. காற்றை இறக்கி வண்டி அந்தப் பக்கம் போய்விட்டால் அனுமதி நேரம் தப்பும், கிரேன் தப்பும், என் தப்பும் ஒரு வேடிக்கைக் கதையாகச் சுருங்கிப் போகும். ஜீப்காரரிடம் கேட்டேன்.

“மூணு இஞ்ச் இறங்குமா, இறங்கும்னு நினைக்கிறீங்களா?”

“இறங்கும்னுதான் நினைக்கிறேன்.”

“அப்ப வேண்டாம்.”

“மேடம், நாங்க எத்தனையோ தடவை...”

“நான் ஒரு தடவை நினைச்சு எழுதினதுதான் இங்க நிக்குது. இன்னொண்ணு வேண்டாம். ஏகாம்பரம் அண்ணே, பின்னால எடுக்க முடியுமா?”

ஏகாம்பரம் திரும்பி அந்த நீள வரிசையைப் பார்த்தார். முந்நூறு மீட்டர் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தின் மைதானம் இருந்தது. அன்று முகூர்த்தம் இல்லை.

“பின்னாடி கீற வண்டிங்கள நவுத்திக் குடுத்தா எடுத்துர்றேன்” என்றார். “ஆனா அவசரப்படுத்தாதீங்க.”

வசந்தா அம்மா முதலில் போனார். அவருக்குப் பின்னால் தட்டோடு நின்ற அந்த ஏழெட்டுப் பேர், ஆரோக்கியம், கடைசியில் காவலரும் சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு பஸ்ஸாக, காராகத் திருப்பி அனுப்பினார்கள். ஏகாம்பரம் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தார். நான் பக்கத்திலேயே நடந்தேன். முந்நூறு மீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. எத்தனை பேர் எங்களைத் திட்டினார்கள் என்று கணக்கில்லை. வண்டி மைதானத்துக்குள் முழுதாக நுழைந்த பிறகுதான் நான் நடையை நிறுத்தினேன். அங்கேயே புழுதியில் உட்கார்ந்துவிட்டேன். வசந்தா அம்மா ஒரு தட்டில் நாலு இட்லியைக் கொண்டு வந்து மடியில் வைத்தார்.

“துன்னுமா மொதல்ல. அப்புறம் அழுவலாம்.”

நாலு நாள் கழித்து, வெளிவட்டச் சாலை வழியாக, வேறு அனுமதியோடு தொட்டி போய்ச் சேர்ந்தது. ஒரு கீறல் இல்லை.

ஆனால் வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. தாமதத்துக்குக் காரணம் என்ன, பொறுப்பு யார், எழுத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டுப் பதில் கடிதத்தைக் காட்டினார். ‘ஓட்டுநர் வாய்மொழியாகத் தெரிவித்த அளவில் ஏற்பட்ட குழப்பம் காரணமாக’ என்று ஆரம்பித்திருந்தது.

“குழப்பம் அவர்கிட்ட இல்ல சார். எங்கிட்ட.”

“தெரியும். டிரைவர்னு எழுதினா ஒரு மாசம் சின்ன வண்டிக்கு மாத்திட்டு விட்டுடலாம். உன் பேரை எழுதினா இந்தப் பிரிவோட கையெழுத்தையே யாரும் நம்ப மாட்டாங்க. உன்னைக் காப்பாத்தத்தான் பாக்கறேன்.”

அவர் கெட்டவர் இல்லை. அலுவலகத்தைக் காப்பாற்றப் பார்த்தார், என்னையும் சேர்த்து. ஆனால் அளக்கத் தெரியாதவர் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் ஏகாம்பரத்தை நம்பி யாரும் பெரிய வண்டி கொடுக்க மாட்டார்கள். அது ஒரு மாதத்தோடு முடியாது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. இரண்டு தடவை அளந்தார், சரியாகச் சொன்னார், நிறுத்தச் சொன்னதும் நிறுத்தினார்.

நான் மேலாளரின் மேசையிலேயே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினேன். ‘ஓட்டுநர் தெரிவித்த உயரம் பதினைந்து அடி பத்து அங்குலம். அது சரியான அளவு. அதைப் பதினைந்து புள்ளி ஒன்று அடி என்று மாற்றி எழுதியது நான்.’ கீழே முழுப் பெயரையும் போட்டேன்.

மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். “இதைத்தான் அனுப்பணுமா?”

“ஆமா சார்.”

“மூணு மாசத்துக்கு உன் கையெழுத்துக்கு மேல என் கையெழுத்தும் வேணும். சம்மதமா?”

“சம்மதம் சார்.”

அதையே அனுப்பினார். மூன்று மாதமும் ஒவ்வொரு தாளையும் தூக்கிக்கொண்டு அவர் அறை வாசலில் போய் நின்றேன். எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள் பார்க்கப் பார்க்க நின்றேன். அவமானமாக இருந்தது. இருக்கட்டும் என்று நின்றேன். வாடிக்கையாளர் அடுத்த தொட்டியையும் நம்மிடம்தான் கொடுத்தார். கடிதத்தைப் படித்துவிட்டுக் கொடுத்தாரா, வேறு ஆள் கிடைக்காமல் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். அளவைக் கேட்டு எழுதும்போது எண்ணோடு அலகையும் எழுதுங்கள், அடியென்றால் அடி, அங்குலமென்றால் அங்குலம் என்று சொல்லாகவே எழுதுங்கள். மீட்டருக்கு மாற்றிய பிறகு, அளந்தவரையே கூப்பிட்டு அவருக்குப் பழகிய அளவில் திருப்பிச் சொல்லுங்கள். ‘ஆமாம்’ என்று அவர் சொல்லும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அவ்வளவு செய்த பிறகும் தப்பு வரும். தப்பு என்று தெரிந்த நொடியில் போனை எடுங்கள். உங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வாக்கியத்தை மனம் ஜோடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள்.

அந்தக் கடிதத்தின் நகல் எப்படியோ முற்றத்துக்குப் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து ஏகாம்பரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அவர் மாடியேறி அலுவலகத்துக்குள் வந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எழுத்துக்கூட்டி ஒருமுறை படித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“கீழ ஒரு வண்டி ஏத்தி கீது” என்றார். “அளக்கணும். போன்ல சொல்ல மாட்டேன். எழுந்து வா.”

போனேன். வண்டி மேல் ஏறி நின்று டேப்பின் நுனியை அவர் உச்சியில் வைத்துப் பிடித்தார். கீழே தரையோடு சேர்த்து நான் பிடித்தேன்.

“நீ படி” என்று மேலிருந்து குரல் வந்தது. “சத்தமா படி.”

“பதினாலு அடி, மூணு அங்குலம்.”

“மறுபடி.”

“பதினாலு அடி, மூணு அங்குலம்.”

“ஆமாம்” என்றார் ஏகாம்பரம். அதற்குப் பிறகுதான் நான் பேனாவைத் திறந்தேன்.